சட்டியன்கள் மலை ஏறுகின்றன

பருவ நோக்கு நிலையம், மேற்கு மலை
எழுதுபவர்: தில்லைநாயகம், உயிரியல் பிரிவு

ஆடி 9, காலை
வெப்பம் வழக்கம்போல. கிழக்கிலிருந்து லேசான காற்று. ஆற்றில் மணல். ஒன்பது வருடமாக மணல்தான்.

இதைக் கண்டெடுப்பவருக்கு ஒரு விளக்கம். இந்தக் கோளின் ஒரு வருடம் நமக்கு நாற்பது வருடம். நாங்கள் வந்து இறங்கியது கோடையில். கோடை இன்னும் முடியவில்லை. அடுத்த பருவத்தைக் கண்ணால் கண்டவர் எவரும் கிடையாது. அது வருவதற்கான அறிகுறிகளைப் பார்த்துக் கீழே குடியிருப்புக்குச் சொல்வது என் வேலை. மூன்று மாதமாகத் தனியாகப் பூச்சி பார்க்கிறேன். பூச்சிகளும் என்னைப் பார்க்கின்றன. வேறு விசேஷமில்லை.

ஆடி 11, மாலை
விசேஷம் இருக்கிறது! முள்கொடிகள் ஒரே நாளில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டன. தண்டைக் கீறினால் பால் வடிகிறது. போன வாரம் அதில் ஈரமே இல்லை. சட்டியன்கள் ஆற்றுமணலில் இருந்த வளைகளை விட்டு, முட்டைகளைத் தூக்கிக்கொண்டு பாறைமேல் ஏறுகின்றன. கவிழ்த்த சட்டி மாதிரி முதுகுள்ள, உள்ளங்கை அகலப் பூச்சிகள். பெயர் வைத்தது என் மகள் வாணி.

தண்ணீர் வரப்போகிறது. வானொலியில் சொன்னேன். குடியிருப்பின் தலைவர் குஞ்சிதபாதம் அண்ணன் அழுதேவிட்டார்.

"நெசமாவா சொல்ற தில்லை? ஒன்பது வருசமா அண்டாவுல தண்ணி ஊத்தி வச்சு ஆடிப்பெருக்கு கும்பிட்டுக்கிட்டு இருக்கோமேடா! இந்தத் தடவை ஆத்துலயே இறங்கிருவோம்."

ஆடி 14, காலை
சட்டியன்கள் நிற்கவில்லை. நிலையத்தைத் தாண்டி மேலே போய்விட்டன. இங்கிருந்து எட்டிப் பார்த்தால் ஆற்றுப்படுகை கோலப்பொடிக் கோடாகத்தான் தெரியும். இவ்வளவு உயரத்துக்கு முட்டையைச் சுமந்துகொண்டு எந்தப் பிராணியும் விளையாட்டுக்கு ஏறாது. அவை ஏறும் உயரம்தான் வரப்போகும் தண்ணீரின் உயரம்.

எழுதியதைத் திரும்பப் படித்தேன். 

கீழே ஊர் மொத்தமும் ஆற்றுமணலில் பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிறது. என் மனைவி அரசி பேசினாள்.

"எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறு எல்லாம் நாலு நாளுக்கு முன்னாலயே ஒத்திகை பாத்தாச்சுங்க. வாணி மஞ்சக்கயித்தை இப்பவே கட்டிக்கிட்டுக் கழட்ட மாட்டேங்குறா. தண்ணி எந்தப் பக்கமா வரும்னு ஒரே தொணதொணப்பு. மலையைப் பாத்து உக்காருடின்னு சொல்லியிருக்கேன்."

ஆடி 14, நண்பகல்
பந்தலைப் பிரிக்கச் சொல்லிக் கத்தினேன். அண்ணனுக்குக் கோபம். "நல்லது நடக்கப்போற நேரத்துல ஏன்டா வாயை வைக்கிற?" சட்டியன்களைப் பற்றிச் சொன்னதும் குரல் இறங்கிவிட்டது. "சரி, எங்கடா போறது? நீயே சொல்லு."

மலைக்கு வர இரண்டு நாள் நடை. வழியெல்லாம் ஆற்றுப் பள்ளம். வெள்ளத்தின் வாய்க்குள் நடப்பதுபோல ஆகிவிடும். கிழக்கே கடலோரத்தில் ஒரு மணல்மேடு இருக்கிறது. அங்கே ஆறு அகலம். வெள்ளம் பரவிக் கடலில் வடிந்துவிடும். அங்கே போகச் சொன்னேன். கைவானொலியையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அப்பாடா.

ஆடி 15, காலை
மலையில் இடம் போதாமல் சட்டியன்கள் வானொலிக் கம்பத்தில் கொத்துக் கொத்தாக ஏறியிருக்கின்றன. பாரம் தாங்காமல் கம்பம் வளைந்து கம்பி அறுந்துவிட்டது. அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கிறது. நான் பேசுவது போகவில்லை.

துடைப்பத்தால் தட்டிவிடப் போனேன். அப்போதுதான் கவனித்தேன். எல்லாம் கம்பத்தின் மேற்குப் பக்கத்தில் மட்டும். ஓடிப்போய்ப் பாறைகளைப் பார்த்தேன். ஒவ்வொரு பாறையிலும் முட்டைகள் மேற்கில். கிழக்குப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் கிழக்கிலிருந்து வரும் எதற்கோ பயந்து ஒளிந்துகொண்டிருக்கின்றன.

வெள்ளம் மலையிலிருந்து வருவதாக இருந்தால் அதன் முகத்துக்கு நேரே எந்தத் தாய் முட்டையை வைக்கும்?

ஐயோ. ஆற்றங்கரையில் பிறந்த புத்தி. தண்ணீர் என்றாலே மேற்கிலிருந்து வரும் என்று முடிவுகட்டிவிட்டேன். வருவது ஆறு இல்லை. கடல். நானே அவர்களைக் கொண்டுபோய் அதன் காலடியில் நிறுத்தியிருக்கிறேன்.

ஆடி 15, முற்பகல்
கம்பியை ஒட்டுகிறேன். நிற்க மாட்டேன் என்கிறது. விரலெல்லாம் ரத்தம். அரசியின் குரல்.

"என்னங்க, எல்லாரும் பத்திரமா வந்து சேந்துட்டோம். இங்க ஒரு அதிசயத்தைக் கேளுங்களேன். கடல் உள்வாங்கிருச்சு! கண்ணுக்கெட்டுன தூரம் ஈரமணல்தான். மீனு துள்ளுது. பசங்க எல்லாம் இறங்கி ஓடுதுங்க."

உள்ளே போன கடல் திரும்பி வரும். அரசி, ஏறு. பிள்ளைகளைக் கூப்பிடு. யாராவது அவளிடம் சொல்லுங்களேன். கடவுளே, யாராவது.

ஆடி 15
கம்பியை இடது கையாலேயே பிடித்துக்கொண்டிருக்கிறேன். பச்சை விளக்கு எரிகிறது. இப்போது பேசலாம்.

கிழக்கே கடலுக்கும் வானத்துக்கும் நடுவில் ஒரு சாம்பல் கோடு. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். தடித்திருக்கிறது. இந்த உயரத்திலிருந்து எனக்குத் தெரிகிறது. அவளுக்கு இன்னும் தெரியாது.

ஓடு என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கே ஓடுவாள்?

"அரசி, வாணியைத் தூக்கிக்கோ."

"ஐய, குரல் வந்துருச்சு! அவளை எதுக்குங்க? மீன் புடிச்சுக்கிட்டு இருக்கா."

"தூக்கிக்கோம்மா. கடலைப் பாக்காத. என் பக்கமாத் திரும்பு. மலையைப் பாரு."

"என்ன இது புதுசா... சரி, சரி. வாடி, அப்பா கூப்புடுறாரு. தூக்கிட்டேங்க. கனக்குறா. சொல்லுங்க."