இன்னொரு தடவை வந்திறங்குகிறேன்

உம்மா,

கட்டாரில் மூன்று வருடம் இருந்துவிட்டு, சொல்லாமல் வந்து கதவைத் தட்டியது என் பிழைதான். வேன் பிடித்து, சாச்சிமாரை ஏற்றி, சோற்றுப் பார்சலோடு கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு வந்து, என்னைக் கட்டிப்பிடித்து அழ இருந்தீர்கள். கெடுத்துவிட்டேன். அதற்காக முந்தநாளில் இருந்து என்னோடு கதைக்காமல் இருப்பதா?

ஆகவே பெட்டியோடு கல்முனை பஸ் நிலையத்துக்குப் போகிறேன். அங்கே இன்னொரு தடவை வந்திறங்குவேன். பத்து மணிக்கு றாஸிக் மச்சான் வேனோடு வருவார், முன்சீட் உங்களுக்கு. வீட்டைப் பூட்டி, திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள். சோறு கட்ட மறக்கவேண்டாம்.

ஹிஷாம்

பி.கு: சாச்சிமார் நேற்றே என்னைப் பார்த்தவர்கள்தான். இன்றைக்கும் புதிதாகப் பார்த்து, "மகன் மெலிஞ்சு பெயித்தான்" என்று அழச் சம்மதித்துவிட்டார்கள்.

ஓரத்தில்: முந்தநாள் நம்மட கேற்றைத் திறந்தபோது வந்த சந்தோசம் எனக்கும் ஒரு தடவையோடு போதவில்லை, உம்மா.