ஆறு டிக்கெட்டும் ஒரு பாஸும்

மார்ச் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நாங்க மூணு பேரும் சௌக்கியம். உன் முட்டி வலி எப்படி இருக்கு? அச்சகத்துல இருந்து ஓய்வு வாங்கினதும் ஊர் ஊரா ரயில்ல சுத்தணும்னு சொல்லிட்டே இருந்தியே, ஏற்பாடு பண்ணிட்டேன். நீ விமானத்துல வந்து இறங்குற ஊர்ல இருந்து எங்க வீடு வரைக்கும் ஆறு ரயில், ஆறு டிக்கெட், எல்லாத்துலயும் ஜன்னல் சீட்டு. லிஸ்ட் இதோட இருக்கு. முன்கூட்டியே எடுத்ததால பாதி விலைதான்.

ஒரு மாசத்துல பத்து நாள் எந்த ரயில்லயும் ஏறலாம்னு ஒரு பாஸ் விக்கிறாங்க. அது நமக்கு வேண்டாம்மா. வேகமான ரயில்னா அதுக்கும் தனியா சீட்டு பதிவு பண்ணணும். மொழி தெரியாத ஊர்ல உனக்கு எதுக்கு அந்தத் தலைவலி? நான் எழுதின நேரத்துக்கு ஏறு, இறங்கு, அவ்வளவுதான்.

உன் ஒரே பையன்

மார்ச் 16

என் தங்கத்துக்கு,

முட்டி அப்படியேதான் இருக்கு, நடக்க நடக்கச் சரியாகும். பாப்பாவுக்கு முத்தம்.

லிஸ்ட்டைப் படிச்சேன். முப்பத்தோரு வருஷம் அச்சகத்துல பிழை திருத்தினவடா நான். இருக்கிற தப்பைவிட விட்டுப்போனதுதான் எனக்கு முதல்ல கண்ணுல படும். வர்றதுக்கு ஆறு டிக்கெட் இருக்கு. திரும்பிப் போக ரயிலும் இல்லை, விமானமும் இல்லை. மறந்துட்டியா, மறைச்சுட்டியா?

அது இருக்கட்டும். மூணாவது ஊர்ல எனக்கு ரெண்டே மணி நேரம் குடுத்திருக்கே. பிடிச்சுப்போய் ஒரு நாள் தங்கணும்னு தோணினா? டிக்கெட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடணுமா? கல்யாணம் ஆன நாள்ல இருந்து அடுத்தவங்க நேரத்துக்குத்தான் ஓடியிருக்கேன். போதும். ஏஜென்ட்கிட்ட சொல்லி அந்தப் பாஸை வாங்கிட்டேன்.

சுத்தி வளைக்காம பதில் எழுது.

அம்மா

மார்ச் 29

அம்மா,

நீ பிடிச்ச முயலுக்கு என்னிக்கும் மூணே கால்தான்!

மறைக்கல, நேர்ல சொல்லலாம்னு இருந்தேன். அடுத்த மாசம் உன் மருமக திரும்ப வேலைக்குப் போறா. பாப்பாவை யார்கிட்ட விடுறது? நீயும் அங்கே தனியா உக்காந்து என்ன பண்ணப் போறே? எங்ககூடவே இருந்துடு. ஏப்ரல் கடைசியில காலி பண்றோம்னு உன் வீட்டு ஓனருக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன். கோபப்படாதே, எல்லாம் உன் நல்லதுக்குத்தான்.

ரயில் ஏறுறதுக்கு முன்னாடி பாஸ்ல அன்னிக்குத் தேதியை நீயே பேனாவால எழுதணும். அடிச்சுத் திருத்தினா செல்லாது. ஜாக்கிரதை.

உன் பையன்

ஏப்ரல் 14

டேய் மகனே,

ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்து எழுதுறேன். சிரிக்கணும்னா சிரிச்சுக்கோ. பாஸ்ல பதினாலுக்குப் பதிலா பதிமூணுன்னு எழுதிட்டேன். என் கை சும்மா இருக்குமா? பழக்கதோஷம், ஒரு கோடு போட்டு அடிச்சு, ஓரத்துல பதினாலுன்னு திருத்தி, பக்கத்துல கையெழுத்தும் போட்டேன். டிக்கெட் பரிசோதகர் பார்த்துட்டு நெத்தியில கை வெச்சுக்கிட்டார். இன்னிக்கு நாள் போச்சுன்னு அடுத்த ஸ்டேஷன்ல இறக்கி விட்டுட்டார்.

கொஞ்ச நேரம் அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். நீ சொன்னதுதான் சரியோன்னுகூடத் தோணிச்சு. அப்புறம் எழுந்து எதிர்ல இருந்த விடுதியில சைகையிலயே ரூம் கேட்டேன். குடுத்தாங்க. ஜன்னலைத் திறந்தா கீழே ஏரி. உன் லிஸ்ட்டுல இந்த ஊரே இல்லடா! நாளைக்கும் இங்கேதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். கிளம்புறதுக்கு முன்னாடியே ஓனரைப் பார்த்து, காலி பண்ணலன்னு சொல்லிட்டேன். நான் இருக்கிற வீட்டைக் காலி பண்ண நீ யாருடா? எவ்வளவு ஆத்திரம் வந்துச்சு தெரியுமா? உன்னைச் சந்தோஷமா வளர்த்தேன். இன்னொரு தடவை முதல்ல இருந்து ஆரம்பிக்க மாட்டேன். பாப்பாவை நினைச்சா நெஞ்சு அடிச்சுக்குது, அது வேற. அவளைக் காட்டி என்னைக் கட்டிப்போடப் பார்க்காதே. பார்த்துக்க ஆள் தேடுங்க, இப்பவே தேடுங்க.

இருபதாம் தேதி மத்தியானம் வர்றேன். ஒரு வாரம் பாப்பாவைக் கீழே விடமாட்டேன். இருபத்தேழு காலையில கிளம்புறேன், விமானத்துக்கும் நானே டிக்கெட் எடுத்தாச்சு. ஸ்டேஷனுக்கு வந்து நீ அழுதா நானும் அழுவேன். ஆனா ரயில் ஏறிடுவேன்.

அம்மா