மாப்ள செல்

மார்ச் 3, ஞாயிறு
செல்லூரில் தங்கை வீட்டில் கறிச்சோறு. தங்கை மாப்பிள்ளை நாற்காலியை விட்டு அசையவில்லை. தண்ணீர்ச் சொம்புகூட அவர் கைக்குத்தான் வந்தது. நான் வாய்திறந்தபோதெல்லாம், “அட, விடுங்க மச்சான்” என்று அடக்கிவிட்டார். என் எலி மூளை ஆராய்ச்சிப் பேச்சு ரசத்தோடு முடிந்தது.

மார்ச் 4
பிடித்துவிட்டேன். எலி மூளையில் நான் வருடக்கணக்காகத் துரத்தும் புதுவகைச் செல், தானாக எந்த வேலையும் செய்வதில்லை. பக்கத்துச் செல் ஏதாவது சொல்ல வந்தால் அடக்குகிறது. அவ்வளவுதான் உத்தியோகம். ‘மாப்ள செல்’ என்று பெயர் வைத்தேன். மாணவி இந்துப்ரியாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தது.

மார்ச் 19
கட்டுரை தயார். வெளிநாட்டு ஆய்விதழுக்கு அனுப்ப எங்கள் இயக்குநர் சிவபாண்டி சம்மதிக்க வேண்டும். கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் கிடந்தவன். பிறகு என் கண்டுபிடிப்பில் தன் பெயரை முதலில் போட்டுக்கொண்டவன். அன்றிலிருந்து பேச்சில்லை. மின்னஞ்சல்தான், அதுவும் ‘ரெஸ்பெக்டட் சார்’. இதிலும் தன் பெயரை நுழைப்பான். நுழைக்கட்டும், பார்த்துக்கொள்கிறேன். என்ன பார்ப்பேன்? ஒன்றும் முடியாது.

மார்ச் 20
இந்துப்ரியா தலைப்பில் ‘மாப்ள செல்’லை அப்படியே விட்டு அவனுக்கு அனுப்பிவிட்டாள். “நீங்கதான சார் பேரு வச்சீங்க?”
போச்சு. வேலை செய்யாது, அடுத்தவனை அடக்கும் – தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைப்பான். சத்தியமா அவன நெனைக்கவே இல்லையே!
நெனைச்சிருக்கணும்.

மார்ச் 22
பதில் இல்லை.

மார்ச் 25
சிவபாண்டி என் அறைக்கே வந்தான். கண் கலங்கியிருந்தது.
“நீ என்னய மாப்ளன்னு கூப்பிட்டு எம்புட்டு வருசமாச்சுடா! அம்புட்டையும் மனசுல வச்சு, ஒரு செல்லுக்கே பேரா வச்சிட்டியே!”
கல்லூரியில் அவனை அப்படித்தான் கூப்பிடுவேன். மறந்தே போயிருந்தது.
“அது வந்து...” என்றேன்.
“பேசாத மாப்ள. எம்பேரெல்லாம் இதுல வேணாம். இது ஒன் செல்லு.”
கையெழுத்துப் போட்டுவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனான். இத்தனை வருடம் பொத்திப் பொத்தி வளர்த்த கோபம். இனி அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஜூன் 11
கட்டுரையைச் சரிபார்க்கும் வெளிநாட்டு அறிஞரிடமிருந்து ஒரே கேள்வி: ‘மாப்ள’ என்றால் என்ன பொருள்?
‘மதுரைப் பக்கம் நெருங்கிய நண்பனை இப்படி அழைப்போம்’ என்று எழுதினேன். பொய் இல்லை. அனுப்பும் முன் சிவபாண்டியிடம் வாசித்துக் காட்டினேன்.
“நெருங்கியங்கிறத எடுத்துரு மாப்ள, ஓவரா இருக்கு” என்றான்.
எடுக்கவில்லை.