தந்தையின் தொழில் என்னும் கட்டம்

டோயாமா
3 நவம்பர் 1995

அன்புள்ள உங்களுக்கு,

நானும் குழந்தையும் சுகம். முந்தாநாள் பிறந்த சேதியைச் சொல்ல அம்மா போன் செய்தபோது, "பொண்ணா? ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கல்ல? அப்ப வெச்சிடறேன் அத்தை, யாராவது கூப்பிடற நேரம்" என்று அரை நிமிடத்தில் வைத்துவிட்டீர்களாம். "எந்த டீம் வாசல்ல வந்து நிக்குதுன்னு இவ்வளவு அவசரம்?" என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டாள். நான் உங்கள் பக்கம்தான் பேசினேன். அக்டோபரில் உங்கள் பேஸ்பால் அணி 'அடுத்த வருடம் வேண்டாம்' என்று சொன்ன நாளிலிருந்து ஒசாகா வீட்டுப் போன்தான் உங்களுக்கு எல்லாம். அது எப்போதும் சும்மா இருக்க வேண்டும். அதனால்தான் இந்தக் கடிதம்.

எடை 3,120 கிராம். பால் போதுகிறதா என்று தெரியவில்லை. விக்கல் எடுத்தால் பயமாக இருக்கிறது. நான் படித்த படிப்பு எதிலும் விக்கல் வரவில்லை.

அப்பா பிறப்புப் பதிவுப் படிவம் வாங்கி வந்திருக்கிறார். பதினான்காம் தேதி கடைசி நாள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருடம் என்பதால் தந்தையின் தொழிலும் எழுத வேண்டுமாம். மற்ற வருடங்களில் கேட்பதில்லையாம். உங்கள் மகள் பார்த்துப் பார்த்து இந்த வருடம் பிறந்திருக்கிறாள். பெயர், தொழில் இரண்டு கட்டமும் காலியாக இருக்கின்றன. இரண்டும் நீங்கள் சொல்ல வேண்டியவை.

மற்ற அணிகள் ஆள் தேட வரும் ஏழாம் தேதி சோதனை ஆட்டத்துக்கு முழங்காலில் கட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். யாரும் பார்க்காமல் போடலாம்.

இப்படிக்கு,
மிஹோ


ஒசாகா
8 நவம்பர்

மிஹோவுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். விக்கலுக்கு நானும் ஒன்றும் படிக்கவில்லை.

சோதனை முடிந்தது. அறுபத்தைந்து பேர். பழைய அணிச் சட்டையைத்தான் எல்லோரும் போட்டு வந்தோம். வரிசையில் நின்ற என்னிடம் ஒருவன், "கோச்சுங்க எல்லாம் அந்தப் பக்கம் உக்காருவாங்க சார்" என்றான்.

"நான் அடிக்க வந்தவன்டா."

அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அப்புறம் என் முதுகில் இருந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். "அண்ணே, நீங்க அடிக்க வரும்போது ஸ்டாண்டுல பாடுவாங்களே, அந்தப் பாட்டு எனக்கு முழுசா மனப்பாடம்!" பாடியும் காட்டினான். முப்பத்தெட்டு வயதில் வெட்கப்பட்டேன்.

பதினைந்து பந்து போட்டார்கள். மூன்று வேலியைத் தாண்டின. கடைசியாகப் போனது ரொம்ப தூரம். மீதியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தேவைப்பட்டால் பதின்மூன்றாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் கூப்பிடுவோம் என்றார்கள்.

இன்னொன்று. பழைய அணி மேலாளரும் அங்கே வந்திருந்தார். பயிற்சியில் அடிப்பவர்களுக்குப் பந்து போட ஆள் வேண்டுமாம். "ஸ்கூல்ல நீ பந்து போட்டவன்தானே, வாயேன்" என்றார். தினமும் நூறு பந்து, எல்லாம் மற்றவன் அடிக்கத் தோதாக. பதினாறு வருடம் அடித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? அவருக்கும் பதின்மூன்றுக்குள் பதில் வேண்டுமாம். சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

பெயர் ஹாருகா என்று எழுது. தூரம் என்ற பொருள் எனக்குப் பிடித்திருக்கிறது. தொழில் கட்டத்தை மட்டும் இப்போது தொடாதே.

யசூஜி


டோயாமா
10 நவம்பர்

அன்புள்ள உங்களுக்கு,

ஹாருகா என்று கூப்பிட்டேன், கொட்டாவி விட்டாள். பெயர் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

ஒன்றை மறைத்துவிட்டேன். சொல்லாமல் இருந்தால் பால்கூட ஒழுங்காகச் சுரக்காது போலிருக்கிறது. போன மாதம் பட்டறையில் அப்பா கடைந்த ஐந்து மட்டைகளை நான்தானே பெட்டியில் வைத்துக் கட்டினேன்? குழந்தைக்காக வாடகைக்கு எடுத்த தராசு பக்கத்தில் இருந்தது. விளையாட்டாக ஒரு மட்டையை அதில் படுக்க வைத்தேன். 880 கிராம்.

கல்யாணமான புதிதில் நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "930 கிராமுக்குக் கீழ மட்டை எடுக்கறவன் ஓடறதுக்குத்தான் லாயக்கு." தராசு கெட்டுவிட்டதோ என்று மற்ற நான்கையும் வைத்துப் பார்த்தேன்.

அப்பா உள்ளே வந்தார். "எடை போட்டுட்டியா?"

"எப்பலேருந்துப்பா?"

"ரெண்டு வருஷமா. கொஞ்சம் கொஞ்சமா இறக்கச் சொன்னாரு. உனக்குத் தெரியும்னு மாப்பிள்ளைக்குத் தெரிய வேணாம். என்ன?"

சரி என்று தலையாட்டினேன். இப்போது எழுதிவிட்டேன்.

நிறுத்திவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதை நான் சொல்லக் கூடாது. சொன்னால் ஆயுசுக்கும் நான் சொன்னதாகவே இருக்கும். உங்கள் போன் அடிக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் ஐம்பது கிராம் பாரத்தை இரண்டு வருடம் தனியாகச் சுமந்திருக்கிறீர்களே, அதுதான் மனசு கேட்கவில்லை.

பதினான்காம் தேதி மாலை வரை கட்டத்தைக் காலியாக வைத்திருப்பேன்.

மிஹோ


ஒசாகா
13 நவம்பர், விரைவுத் தபால்

மிஹோ,

மணி ஐந்து பத்து.

மூன்று மணிக்கு ஒரு தடவை அடித்தது. எழுந்த வேகத்தில் முழங்காலை மேசையில் இடித்துக்கொண்டேன். "யசூஜி சார் வீடுங்களா? செய்தித்தாள் போடட்டுங்களா?" என்றது ஒரு குரல். வேறு யாராவது கூப்பிடப் போகிறார்கள் என்று சீக்கிரம் வைக்க வேண்டியிருந்தது, அதனால் மூன்று மாதத்துக்குப் போடச் சொல்லிவிட்டேன்.

வேறு யாரும் கூப்பிடவில்லை.

880 உண்மைதான். அவ்வளவு லேசாக்கியும் கை தாமதமாகத்தான் போகிறது. வேலி தாண்டாத பன்னிரண்டில் ஒன்பது அப்படிப் போனவை. அன்று அதை எழுதவில்லை.

ஐந்து மணிக்கு மேலாளரை நானே கூப்பிட்டேன். இன்னும் ஆள் எடுக்கவில்லையாம். போனைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் குனிந்து குனிந்து "ரொம்ப நன்றிங்க" என்றேன். பிப்ரவரியில் இருந்து பந்து போட வேண்டும்.

நாளை அந்தக் கட்டத்தில் 'வேலை இல்லை' என்று எழுது. அதுதான் நிஜம். அவளுடைய முதல் காகிதத்தில் பொய் வேண்டாம்.

யசூஜி


டோயாமா
15 நவம்பர்

அன்புள்ள உங்களுக்கு,

நேற்றுக் காலையே உங்கள் கடிதம் வந்துவிட்டது. படித்துவிட்டு அழுதேன். ஹாருகாவும் கூடவே அழுதாள், அவளுக்குப் பசி.

நீங்கள் சொன்னபடி 'வேலை இல்லை' என்று எழுதி, அம்மாவிடம் அவளை விட்டுவிட்டு நானே அலுவலகத்துக்குப் போனேன். வாங்கிப் பார்த்த அலுவலக அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தாள்.

"வீட்டுக்காரர் எப்பலேருந்து வேலையில இல்லம்மா?"

"அக்டோபர்லயே அடுத்த வருஷம் வேணாம்னு சொல்லிட்டாங்க."

"அது அடுத்த வருஷத்துக் கதை. இப்ப என்னன்னும் நான் கேக்கல. குழந்தை பொறந்த அன்னைக்கு என்ன வேலைன்னுதான் இந்தக் கட்டம் கேக்குது. அன்னைக்கு ஒப்பந்தம் இருந்துச்சா?"

உங்கள் ஒப்பந்தம் பிப்ரவரி ஒன்று முதல் நவம்பர் முப்பது வரை. அதை உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும்தானே படித்தேன்? நம் இருவருக்கும் அது எப்படித் தோன்றாமல் போயிற்று? போன் பக்கத்திலேயே கிடந்தால் இப்படித்தான்.

நீங்கள் சொன்னதை அடித்துவிட்டேன். திருத்தத்தின் மேல் முத்திரை வைத்துவிட்டு, என் கையெழுத்தில் எழுதினேன்: தொழில்முறை பேஸ்பால் ஆட்டக்காரர். பொய் இல்லை. இந்த மாதம் முப்பதாம் தேதி வரை கொஞ்சம்கூடப் பொய் இல்லை.

அந்த அம்மாள் படித்துவிட்டு, "அடிக்கறவரா, பந்து போடறவரா?" என்றாள்.

"இதுவரைக்கும் அடிக்கறவர்" என்றேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு உங்கள் போன் அடிக்கும். மெதுவாக எழுந்திருங்கள், முழங்கால் பத்திரம். யாருக்காகவும் சீக்கிரம் வைக்க வேண்டாம். ஹாருகாவுக்கு விக்கல் எடுப்பது உங்களுக்குக் கேட்கும்வரை நான் பேசிக்கொண்டே இருப்பேன்.

மிஹோ