மணி கட்டின தவளைகள்

11 ஜூன் 1974, செவ்வாய்

விடாத மழை. தவளை சீசன் தொடங்கியாச்சு. ஐஸ் பெட்டி கூடுதலாகச் சொல்ல வேண்டும்.

மாடி அறைக்குக் குடிவந்த வெளிநாட்டுப் பெண் ஹெலன் வித்துரா மலைப்பக்கம் போய் நனைந்து வந்தாள். அங்கே ஒரு குளத்தில் தவளைகளைப் பற்றிப் படிப்பு. ஒவ்வொன்றின் இடுப்பிலும் நூலில் பாசிமணி கட்டி விடுகிறாள். மணி நிறத்தை வைத்து எது எங்கே போனது, எது உயிரோடிருக்கிறது என்று எழுதுவாள். காலெல்லாம் அட்டைக்கடி. உப்பு கொடுத்தேன்.

நான் தவளைக்கால் வியாபாரி என்று தெரிந்தே வந்தவள். "அந்தக் குளம் மட்டும் விட்டுடுங்க, அண்ணாச்சி." கடைப் பையன்களிடம் பொறுக்கின தமிழ். சரி என்றேன். பிடிக்கிறவன் குளம் பார்த்தா பிடிப்பான்?

14, வெள்ளி

கொஞ்சம் வெயில். குடை ரிப்பேர்.

வித்துராவில் நமக்குத் தவளை பிடிக்கிற ராசப்பன் கொண்டுவந்த சாக்கில் சிவப்பும் பச்சையும் மணி கட்டின ஒன்று. வெட்டுவதற்கு முன் கண்ணில் பட்டது, நல்லவேளை. ஹெலனைக் கூப்பிட்டேன். ஈரத்துணியில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்படிப் போனா என் படிப்பு முடிஞ்சுது, அண்ணாச்சி."

திட்டியிருந்தால் தேவலை.

பிடிக்கிறவர்களிடம் சொல்லிவிட்டேன்: மணி கட்டினதை உயிரோடு தனியாகக் கொண்டுவந்தால் ஒரு கட்டு பீடி.

17, திங்கள்

மறுபடி மழை. வயிறு சரியில்லை. மோர் மட்டும்.

ராசப்பன் ஒரு கூடை நிறையக் கொண்டுவந்தான். அத்தனையும் மணி கட்டினது. ஹெலன் முகத்தில் சந்தோஷம். குனிந்து பார்த்ததும் போச்சு. அவள் கட்டுவது கடுகு மாதிரி. இது மிளகு. சாலை பஜார் வளையல் கடைச் சரக்கு.

"ஏண்டே, நீ கட்டினதுதானே?"

"மதாம்மாவுக்கு இஷ்டமாச்சே, அண்ணாச்சி. கொறவா இருக்கேன்னு..."

ஹெலன் சிரித்தாள். அப்புறம் கண் நிறைந்துவிட்டது. குளத்திலும் இப்படிக் கட்டி விட்டிருந்தால் எதை நம்பி எழுத என்றாள். இல்லவே இல்லை என்று ராசப்பன் சத்தியம் செய்தான். அவனை என்ன சொல்ல? அவன் இடத்தில் நானாயிருந்தால் இன்னொரு கூடையும் சேர்த்துக் கொண்டுவந்திருப்பேன்.

பீடி ரத்து. இனி ராசப்பன் அவளுக்குத் துணை. பெட்ரோமாக்ஸ் நம்முடையது. அவன் பிடித்துக் கொடுக்க, அவள் கட்டட்டும். அவள் மணி இருக்கிற தவளையை நான் வாங்கமாட்டேன். வித்துராவில் எல்லாருக்கும் சொல்லி அனுப்பியாச்சு. அங்கே வாங்க வேறு ஆள் கிடையாது.

22, சனி

தூறல். ஹெலனுக்கு ஜலதோஷம். சுக்குக் காப்பி கொடுத்தனுப்பினேன். "எரியுது, நல்லாருக்கு" என்றாளாம். பழைய மணிகளில் பாதிக்குமேல் குளத்திலேயே இருக்கிறதாம். மாடியில் பாட்டுச் சத்தம் வேறு.

நம்மிடம் கால் வாங்குகிற கொச்சிக் கம்பெனியிலிருந்து போன். வித்துராச் சரக்கு எங்கே?

சாயங்காலம் ராசப்பன் வெறுங்கையோடு வந்து நின்றான்.

"சாக்கு எங்கேடே?"

"எல்லாத்துக்கும் மதாம்மா மணி கெட்டியாச்சு, அண்ணாச்சி. ஒண்ணு பாக்கியில்ல. இனி எதப் பிடிக்க?"