இரண்டாவது சர்வே

அக்டோபர் 7, செவ்வாய்

குவாரியின் அடிமட்டத்துக்கு இறங்கும் வண்டிப் பாதை, புது ராம்ப், நேற்று திறந்தாயிற்று. பத்துக்கு ஒன்று சரிவு. மூன்று வாரம் கணினித் திரையில் நிலத்தை முக்கோணம் முக்கோணமாக விரித்துவைத்து நான் போட்ட கோடு. இப்போது அதன்மேல் டிப்பர்கள் ஓடுகின்றன. முதல் வண்டி மைத்துனனுடையது. என் மனைவியின் தம்பி. அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். "வெண்ணெய் மாதிரி இறங்குது மாமா" என்றான். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அக்டோபர் 9, வியாழன்



பழைய கோப்புகளை ஒழுங்குபடுத்தும்போது ஒன்று கண்ணில் பட்டது. ராம்ப் போட்ட இடத்தை எங்கள் சர்வேயரின் ஆட்கள் இந்த வருஷம் மூன்று முறை அளந்திருக்கிறார்கள். ஜனவரி அளவும் ஆகஸ்ட் அளவும் ஒன்றுபோல இருந்ததால், நடுவில் மே மாதம் எடுத்ததை நான் திறக்கவே இல்லை. இன்று திறந்தேன். ராம்ப்பின் வெளி ஓரம் வருகிற இடத்தில் ஏழு மீட்டர் பள்ளம். தோண்டி, கழிவு மண்ணைக் கொட்டி, பழைய மட்டத்துக்கே மூடியிருக்கிறார்கள். மேலே ஜல்லி பரப்பியிருப்பதால் பார்த்தால் கெட்டித் தரை. உள்ளே பொதபொதவென்று மண். அதன்மேல் நாற்பது டன் வண்டி போகிறது.

திரையில் நிலத்தின் மாதிரியைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் பள்ளம் பள்ளம்தான்.

யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

சாப்பாட்டு வேளையில் ராம்ப்புக்கு நடந்து போனேன். வெளி ஓரத்தில் நீளவாக்கில் ஒரு வெடிப்பு. விரல் நுழைந்தது. வெயிலில் காய்ந்த வெடிப்பாக இருக்கலாம் — இருக்கலாமா? ஒரு வண்டி கடந்தது. காலடியில் தரை அதிர்ந்தது. மேனேஜர் அறை வாசல் வரை போனேன். உள்ளே யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "தம்பிய நாளைக்குப் போக வேணாம்னு சொல்லுங்க. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். சரி என்றேன். எனக்கும் அதுதான் தோன்றியிருந்தது. சே, என்ன மனுஷன் நான்.

அக்டோபர் 11, சனி

விடிந்ததும் மைத்துனனுக்குப் போன் போட்டு, "உடம்பு சரியில்லைன்னு லீவு போடு மாப்ளே" என்றேன்.

"எனக்கென்ன? நல்லாத்தான இருக்கேன்."

சுற்றி வளைத்துப் பார்த்தேன். அவன் விடவில்லை. கடைசியில் பள்ளத்தைச் சொல்லிவிட்டேன்.

"எப்போ தெரியும் உங்களுக்கு?"

"வியாழக்கிழமை."

"நேத்து பதினாலு தடவை இறங்கியிருக்கேன் மாமா. எனக்கு முன்னாடியும் பின்னாடியும் ஆறு வண்டி. நான் லீவு போட்டா, அவங்க?"

அவனே தொடர்ந்தான்.

"நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

போனேன். மேனேஜரிடம் கோப்பைத் திறந்து காட்டினேன். திட்டுவார் என்று பயந்தேன். திட்டியிருக்கலாம். அவர் முகம் வெளுத்து, வாக்கிடாக்கியை எடுத்து, "எல்லா வண்டியும் அப்படியே நில்லுங்க. யாரும் ஏறாதீங்க" என்றார். கீழே நாலு வண்டி மாட்டிக்கொண்டிருந்தது. ஓட்டுநர்கள் வண்டிகளைக் கீழேயே விட்டுவிட்டுப் பாறையை ஒட்டி நடந்து ஏறினார்கள். மேலே நின்று எண்ணினேன். நாலு பேர் வர வேண்டும். ஐந்து பேர் வந்தார்கள். கடைசி ஆள் மைத்துனன். வண்டியை எடுக்காமல், அவர்களைத் தடுக்க எனக்கு முன்பே நடந்து இறங்கியிருக்கிறான்.

என்னைத் தாண்டிப் போனான்.

அக்டோபர் 14, செவ்வாய்

வெளி ஓரத்தில் பொக்லைன் வைத்துச் சோதனைக் குழி தோண்டினார்கள். ஒன்றரை மீட்டரில் கறுப்பு மண், சாக்குகள், கிழிந்த டயர் ஒன்று. வாளியைத் தூக்கியதும் குழியின் ஓரம் தானாகவே உட்கார்ந்தது. பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்கள்.

மேனேஜர் என்னைப் பார்க்காமலே, "ராம்ப்பப் பாறைப் பக்கமாத் தள்ளிப் போடுங்க. சர்வேயர் பாத்துக் கையெழுத்துப் போடாம ஒரு கோடு வெளிய போகக் கூடாது" என்றார். வேலை போகவில்லை. நிம்மதி வர வேண்டும்தானே? மவுஸைத் தொட்டாலே உள்ளங்கை வேர்க்கிறது.

அக்டோபர் 23, வியாழன்

புது மாதிரி முடிந்தது. மூன்று சர்வேக்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பதினோரு முறை பார்த்தேன்; பன்னிரண்டாவது முறை திறந்தபோது சர்வேயர் வந்து திரையை அணைத்துவிட்டார்.

நவம்பர் 9, ஞாயிறு

பாறைப் பக்கப் பாதையில் வண்டிகள் ஓடி ஒரு வாரமாகிறது. தினமும் போய்ப் பார்க்கிறேன். வெடிப்பு எதுவும் இல்லை.

மதியம் மைத்துனன் சாப்பிட வந்தான். குவாரியிலிருந்து நின்றுவிட்டானாம், நாளையிலிருந்து பள்ளிக்கூட பஸ் ஓட்டப்போகிறான். "தப்பு யாருக்கும் வரும். அதுக்காக இல்ல" என்றான், தட்டைப் பார்த்துக்கொண்டு. பின்னே எதற்காக என்று நான் கேட்கவில்லை. குழந்தைகளோடு சீட்டு ஆடினான், தோற்றுப்போன மாதிரி நடித்தான், நன்றாகச் சிரித்தான்.

கிளம்பும்போது "வரேன்க்கா" என்றான். வாசல் வரை நானும் போனேன். செருப்பை மாட்டிக்கொண்டு, எனக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்து இன்னொரு முறை, "வரேன்க்கா" என்றான்.