குறைத்து வைத்த மைக்

என் வீட்டுக்காரரே பெலெட்டி, உங்களையும் உங்கள் முழங்காலையும் கடவுள் நன்றாக வைத்திருக்க வேண்டும். நான் இங்கே ஆஸ்திரேலியாவில், மில்டுராவில் திராட்சை அடுக்கிக்கொண்டு சுகமாகவே இருக்கிறேன்.

கவலைப்படாதீர்கள், சின்ன விஷயம்தான். ஞாயிறு ஆராதனையில் பாடும்போது என் மைக்கில் மட்டும் சத்தமே வரவில்லை. ஸ்பீக்கர்களைப் பார்த்துக்கொள்ளும் பெனிசோனியிடம் கேட்டேன்.

"உங்க சத்தம் மத்தவங்களை அமுக்குது, பாட்டி. அதான் குறைச்சு வெச்சேன். பேசாம பின்வரிசைக்குப் போங்க."

நம் ஹாபாய்த் தீவில் பெரிய புயல் அடித்த வருஷம் இவன் அத்தையும் இதையேதான் சொன்னாள். அன்று ஆராதனைக்கென்று நம் வழக்கப்படி அவள் உடைமேல் இடுப்பில் கட்டியிருந்த பாயின் கிழிசல்கூட எனக்கு நினைவிருக்கிறது.

"மைக்கைத்தானேடா உன்னால குறைக்க முடியும்?" என்று அதை வயரோடு அவன் மேசையில் வைத்துவிட்டு, முன்வரிசையில் நின்று வெறும் தொண்டையில் பாடினேன். இரண்டாவது அடியில் மற்ற பெண்களும் மைக்கைத் தள்ளிவிட்டு என்னோடு சேர்ந்துகொண்டார்கள். பெனிசோனி ஹெட்போனைக் கழற்றிவிட்டான்.

ஒன்றுதான் குறை. இங்கே கீழ்க்குரல் பாடுகிறவனுக்கு நம் வீட்டுப் பன்றியின் கனம்கூட இல்லை. அன்று பாடிய பாட்டில் உங்கள் பங்கைப் போனில் பதிந்து அனுப்புங்கள். இருமல் வந்தால் அழிக்க வேண்டாம். என் அடி வரும் இடத்தில் நிறுத்திக் காத்திருங்கள். கொட்டகையில் பெட்டி அடுக்கியபடி நான் பாடிக்கொள்வேன்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வேன்காரன் ஹார்ன் அடிக்கிறான். வரும் ஞாயிறும் முன்வரிசைதான்.

உங்கள் லாவினியா